எட்டாவது மேடு

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுக்கூட அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. முப்பத்தோரு வருஷம் நான் குடியிருந்த அறை. "வீட்டுல இருந்ததைவிட அங்கதான் நீ அதிகம் இருந்திருக்கே" என்று என் மகள் அடிக்கடி சொல்லிக்காட்டுவாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் பெற்ற பிள்ளையிடம் அதை ஒப்புக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை.

மாடியில் புது ஆய்வுக்கூடம் தயாராகிவிட்டது. அங்கே இருக்கும் லேசர் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். பொத்தானை அமுக்கினால் வேலை செய்கிறது, திட்டினால்கூடக் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் பழைய லேசர் அப்படியா? ஆளுயரக் கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர் ஓட இன்னொரு குழாய், தலைமாட்டில் ஓர் ஆடி, கால்மாட்டில் ஓர் ஆடி. தினமும் காலையில் ஒரு மணி நேரம் தாஜா செய்தால்தான் கண்ணைத் திறக்கும். இப்போது அதை நுழைவாயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்துக் கீழே ஒரு பலகையில் பெயரும் எழுதப்போகிறார்களாம். மாதக் கடைசியில் எனக்கும் ஓய்வு. எனக்கு இன்னும் பெட்டி செய்யச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அலமாரியை இழுத்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு காகிதச் சுருள் உருண்டு வந்தது. அந்தக் காலத்தில் கருவி அளப்பதையெல்லாம் ஓடுகிற காகிதத்தில் ஒரு பேனா முள் வரைந்துகொண்டே போகும். தூசி தட்டி விரித்தேன். நீல மை மங்கவே இல்லை. முதலில் தட்டையாக ஒரு கோடு. பிறகு ஒரு மேடு, மறுபடி தட்டை, மறுபடி மேடு. மொத்தம் ஏழு மேடுகள். ஓரத்தில் என் கையெழுத்து: ‘காலி அறை. மூன்றாம் பை.’ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் முழங்கால் இருக்கிற இருப்பில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. தெரிந்தும் உட்கார்ந்தேன்.

அந்த மேடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் கருவி மெக்கானிக். நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் முதல் நாளே அண்ணா ஆகிவிட்டார். அவர் என்னை ‘டாக்டரம்மா’ என்பார். நான் அப்போதுதான் வாங்கியிருந்த பட்டத்துக்கு அது கிண்டல். "ஊசி போடத் தெரியாத டாக்டர் உலகத்துலயே இவங்க ஒருத்தங்கதான்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என்னை அறிமுகம் செய்துவைப்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை முப்பது வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது. அன்றாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், லிஃப்ட் ஓடவில்லை என்று குறைப்பட்டேன், எழுந்து வந்துவிட்டேன்.

லேசர் என்றதும் எல்லோரும் சிவப்புக் கோடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்கள் லேசரின் கதிர் கண்ணுக்கே தெரியாது. அது வெப்பக் கதிர். அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஐஸ் குச்சியை நீட்டிப் பார்ப்போம். புகை எழும்புகிற இடத்தில் கதிர் இருக்கிறது என்று அர்த்தம். குச்சி கிடைக்காத நாளில் கைக்கு எது கிடைத்ததோ அது. அதனால் அந்த அறையில் மரத்தாலான ஒரு பொருள்கூடக் கரும்புள்ளி இல்லாமல் இருந்ததில்லை. அளவுகோல், முக்காலி, பென்சில், துறைத்தலைவர் நாற்காலியின் முதுகு, எல்லாமே அம்மை போட்ட மாதிரி இருக்கும். மழை நாட்களில் அண்ணா ஒரு ரொட்டித் துண்டைக் கதிரின் குறுக்கே பிடித்துச் சுடுவார். நாலாபக்கமும் பச்சையாகவும் நடுவில் மட்டும் கரியாகவும் இருக்கும். அதையும் பங்கு போட்டுத் தின்றிருக்கிறோம்.

ஒவ்வொரு வாயுவுக்கும் பிடித்த நிறம் ஒன்று உண்டு. வெப்பக் கதிரிலும் கண்ணுக்குத் தெரியாத நிறங்கள் இருக்கின்றன. லேசரைத் திருகி அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தால் வாயு அதை மடக் மடக்கென்று குடித்துச் சூடாகும், லேசாக உப்பும். கதிரின் வழியில் பல்வைத்த ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டால் கதிர் நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் விட்டு விட்டு விழும். வாயுவும் அத்தனை தடவை உப்பிச் சுருங்கும். உப்பிச் சுருங்கினால் அது சத்தம். பித்தளை அறை ஒன்றுக்குள் ஒரு மைக்கை வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்பதுதான் எங்கள் வேலை. சக்கரம் எந்தச் சுருதியில் சுழல்கிறதோ அந்தச் சுருதியை மட்டும் வடிகட்டி எடுக்க அண்ணா ஒரு பெட்டி செய்திருந்தார். கோடியில் ஒரு பங்கு வாயு இருந்தால்கூட முள் அசையும். காற்றைப் பாடவைத்து, பாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற பிழைப்பு எங்களுடையது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இதைவிட உயர்ந்த பிழைப்பு உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஒரு பழக்கிடங்கின் முதலாளி எங்கள் துறைத்தலைவரைத் தேடி வந்தார். துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பொறுமை’. யார் என்ன கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். கிடங்குக்காரர் பிரச்சினை இதுதான்: குளிரறையில் ஆறு மாதம் பச்சையாகக் கிடக்க வேண்டிய ஆப்பிள் ஆறே வாரத்தில் மஞ்சளாகிக் குழைகிறது. பழுத்த பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அதை முகர்ந்த பச்சைக் காய்களும் பழுக்கத் தொடங்கும். பெரிய அறைக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை இருந்தது. அதில் போன பருவத்து அழுகலைக் கிடங்குக் காவலர் அள்ளிப்போடாமல் விட்டிருந்தார், அதிலிருந்து வந்த வாயுதான் சுவர் இடுக்கு வழியாகப் போய்க் காரியத்தைக் கெடுத்தது, இப்போது அவசரமாகக் கழுவிவிட்டு மறைக்கிறார் என்பது முதலாளியின் சந்தேகம். காவலரோ, பருவம் முடிந்த அன்றே அறையைக் கழுவிக் காயவைத்தேன் என்று சத்தியம் செய்கிறார். காலி அறையின் காற்றில் எத்திலீன் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொன்னால் போதும்.

இருந்தால் காவலருக்கு வேலை போகும். கிடங்குக்குப் பின்னாலேயே இருந்த இரண்டு அறை வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருந்தார். வேலை போனால் வீடும் போகும். இது எங்களுக்கு முதல் நாளே தெரியும். ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கிடங்கின் காலி அறைக் காற்றைப் பெரிய பெரிய பைகளில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். நானும் அண்ணாவும் வேலையைத் தொடங்கினோம். முதலில் உருளையிலிருந்து சுத்தக் காற்றை ஓட்டுவோம். அப்போது அண்ணா உருளையின் திருகைப் பிடித்துக்கொண்டு அழுத்தமானியைப் பார்த்து "முப்பது... முப்பத்தொண்ணு... முப்பது..." என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார், நான் குறித்துக்கொள்வேன். முள் தட்டையாகப் போகும். பிறகு கிடங்குக் காற்று. பையை அக்குளில் இடுக்கி விலா எலும்போடு அணைத்து, மெதுவாக, ஒரே சீராக அமுக்குவார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சொல்வதற்கு எண் எதுவும் கிடையாது, வாய்க்கு ஓய்வு. முள் மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

நாலு பை, நாலிலும் மேடுகள். சுவர் இடுக்கு வழியாக வாயு விட்டு விட்டு வருகிறது போலிருக்கிறது என்று நானே காரணமும் கற்பித்தேன். பையே கிடங்கில் வாயைக் கட்டிக் கொண்டுவந்த பை, அதற்குள் விட்டு விட்டு எப்படி வரும் என்று ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பழமொழி ஆண்பாலில் இருக்கிறது, பெண்பாலுக்கும் பொருந்தும். அன்று மாலையே அறிக்கை எழுதினேன். பொறுமை மட்டும் "ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமே" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார் என்பதால் நான் காதில் வாங்கவில்லை. ‘காலி அறையின் காற்றில் எத்திலீன் உள்ளது.’ ஒரே வரி. கையெழுத்து என்னுடையது.

ஐந்தாவது நாள் ஒரு மனிதர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். சலவை செய்த சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். கையில் தொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"நான்தாங்க அந்தக் கிடங்குக் காவலர்" என்றார். "மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சண்டை போட வரலீங்க. நான் கழுவின ரூம்ல அந்த வாயு எப்படி இருந்துச்சுன்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். முப்பது வருசம் வேலை பார்த்துட்டு, என்ன தப்பு பண்ணேன்னே தெரியாமப் போறது கஷ்டமா இருக்குங்க."

நான் என்ன சொல்லியிருப்பேனோ, அண்ணா முந்திக்கொண்டார். "உள்ள வாங்க. உங்க கண்ணு முன்னாலயே போட்டுக் காட்டறோம்." மீதமிருந்த மூன்று பைகளை எடுத்தார். முதல் பையை இடுக்கினார். காவலர் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. ஒருவர் வீட்டைப் பறித்துவிட்டு அவர் கண்ணெதிரே உட்காருவது சாதாரணமா? பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். முள் தட்டையாகப் போனது. பை தீரும்வரை தட்டை.

"பை ஓட்டையா இருக்கும்" என்றேன். இரண்டாவது பை. அதுவும் தட்டை.

"மிஷினுக்கு என்னைக் கண்டா பயம் போலிருக்கு" என்றார் காவலர். சிரிக்க முயன்றார். பிறகு, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டு நடைபாதைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணா ஒரு பெருமூச்சு விட்டார். தோள் தளர்ந்தது. மூன்றாவது பையை இடுக்கிக்கொண்டார். நான் காகிதத்தின் ஓரத்தில் ‘காலி அறை. மூன்றாம் பை’ என்று எழுதி முடிக்கவில்லை, முள் ஏறத் தொடங்கியது. ஒரு மேடு. இரண்டு. மூன்று.

காவலர் இருந்தால் இல்லாத வாயு, காவலர் போனால் எப்படி வரும்? மைக் ஏதாவது கிறுக்குத்தனம் செய்கிறதோ என்று நினைத்தேன். மைக் உயிரோடு இருக்கிறதா என்று காலையில் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதற்காக ஒரு ஹெட்போன் வைத்திருந்தோம். அதை எடுத்து மாட்டினேன். சக்கரத்தின் ரீங்காரம் கேட்டது. அதன்மேல், அதே சுருதியில், இன்னொன்றும் கேட்டது. அது லேசாக நடுங்கியது. ஓரிடத்தில் வளைந்து, ஒரு சின்னக் குழைவு குழைந்து, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. பிறகு மூச்சு வாங்கியது.

எத்திலீன் மூச்சு வாங்காது. எத்திலீனுக்குக் கமகமும் வராது.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணா கண்ணை அரைவாசி மூடி, பையை அணைத்துக்கொண்டு, உதடு பிரியாமல் முனகிக்கொண்டிருந்தார். காதுக்குத் தனியாகக் கேட்கவே இல்லை. சக்கரம் பாடுகிற சுருதியிலேயே அவரும் பாடியதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே ஒரு வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து அவர் குரல் அதனோடு சுருதி சேர்ந்திருந்தது, அவருக்கே தெரியாமல். நெஞ்சின் அதிர்வு விலாவிலிருந்து பைக்கு, பையிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து பித்தளை அறைக்கு. அவர் செய்த பெட்டி அவர் குரலையே வடிகட்டி எடுத்து ‘எத்திலீன்’ என்று எழுதியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஐந்தாவது மேட்டையும் ஆறாவதையும் ஏழாவதையும் அவர் குரலாகவே கேட்டேன். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. அந்த அழகைக் கேட்டுக்கொண்டு இருந்தேனே என்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் அடித்தேன்.

"நீங்கதான்! உங்க பாட்டுதான் அது!"

அண்ணா திடுக்கிட்டு விழித்தார். "என்ன பாட்டு? நான் எங்க பாடினேன்?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? உங்க முனகலை எத்திலீன்னு எழுதிக் கொடுத்துட்டேன். உங்க பாட்டால ஒரு குடும்பமே தெருவுக்கு வரப்போகுது!"

சொல்லிவிட்டுத் திரும்பினேன். காவலர் வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப என் ரூம் சுத்தம்தானே?" என்று மெல்லக் கேட்டார். நான் தலையாட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், அவரை ஏம்மா திட்டறீங்க? மனுசன் பாடறது ஒரு குத்தமா?"

அந்த மனிதருக்கு இருந்த நிதானத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தவறு என்னுடையது. சுத்தக் காற்றை ஒரு பையில் அடைத்து, அதே போல இடுக்கி ஓட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. பட்டம் வாங்கிய நான் அதைச் செய்யவில்லை. அவர் தன்னை மறந்து உட்கார்ந்து முனகினார், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. பையை மேசையில் வைத்து மேலே ஒரு பலகை, பலகைமேல் ஒரு செங்கல். இரண்டு அறைகளிலிருந்தும் புதிதாகக் காற்றைப் பிடித்துவரச் செய்து, யாரும் தொடாமல் மறுபடி அளந்தோம். காலி அறைக் காற்று சுத்தம். பெரிய அறைக் காற்றில் மட்டும் எத்திலீன் நிஜமாகவே இருந்தது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? "புதுசா ஏதாவது வச்சீங்களா?" என்று அண்ணாதான் காவலரைக் கேட்டார். காவலர் யோசித்தார். "ஒண்ணும் இல்லீங்க. பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் மட்டும்தான் புதுசு. முன்னாடி பேட்டரி வண்டி இருந்துச்சு. இது காஸ்ல ஓடுது. முதலாளியே ஆசையா வாங்கினது." அந்த வண்டியின் புகைக்குழாயில் ஒரு பையைப் பிடித்துக் கொண்டுவந்து செங்கலுக்கடியில் வைத்தோம். முள் எழும்பி, காகிதத்தைத் தாண்டி, மேல் கம்பியில் போய் டொக்கென்று இடித்து அங்கேயே நின்றது. மூன்று பேரும் கைதட்டினோம். எரியாத காஸ் புகையில் எத்திலீனாக வருகிறது, குளிரறைக்குள் அதைத் தினமும் ஓட்டிப் பழத்துக்கு ஊட்டியிருக்கிறார்கள். பொறுமை தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவசரப்பட்டார்: அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு திருத்திய அறிக்கையோடு கிடங்குக்குப் போனார். காவலர் அந்த வீட்டிலேயே இருந்து, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் ‘அளவை நடக்கும்போது பாடக் கூடாது’ என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். பை மேசைமேல் போய்விட்டது, பித்தளை அறையைச் சுற்றிப் பஞ்சு மெத்தை கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணா அங்கே முழுக் கச்சேரியே செய்திருந்தாலும் முள் அசைந்திருக்காது. அது எனக்கு ஒரே வாரத்தில் தெரியும். இருந்தும் அட்டையைக் கழற்றவில்லை. கழற்றினால் திட்டியது தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. அண்ணா அன்றிலிருந்து ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். டீ குடிக்கும்போதுகூட முனகவில்லை. இருபத்தாறு வருஷம், அவர் ஓய்வு பெறும்வரை.

தரையிலிருந்து ஒருவழியாக அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சுருளைப் பையில் வைத்தேன். கதவிலிருந்த அட்டையை நகத்தால் நெம்பினேன். அது பழுப்பாகி, முனைகள் சுருண்டு, பசை கல்லாகியிருந்தது. கொஞ்சம் பெயின்டையும் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. நேராக அண்ணா வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கதவைத் திறந்தார். அண்ணா சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மெல்லிய துணி. பக்கத்தில் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு. அட்டையை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். சிலேட்டை எடுத்து எழுதினார்: ‘நீங்க சொன்ன சொல்லை மீறலை பாருங்க.’

அண்ணி சிரிக்கவில்லை. "கல்யாணமான புதுசுல எப்பவும் ஏதாவது முனகிக்கிட்டே இருப்பாரு" என்றார். "மிக்ஸி ஓடினா மிக்ஸியோட, மோட்டார் ஓடினா மோட்டாரோட. எனக்கு எரிச்சலா வரும். திடீர்னு ஒருநாள் நின்னுபோச்சு. என்னன்னு கேட்டா சொல்லமாட்டேனுட்டாரு. இப்போ குரலே போயிருச்சு. தேடிப் பார்த்தேன், டேப், போன் எதுலயுமே அவர் பாடினது இல்லை. பாடற ஆளுன்னு யாரு நெனச்சா, பதிவு பண்ணி வைக்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அதை நிறுத்தினது நான்தான் அண்ணி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். காவலர், பை, செங்கல், அட்டை. கடைசியில் அண்ணாவைப் பார்த்து, "தப்பு என்னோடது அண்ணா. உங்க மேல போட்டேன். அட்டை தேவையில்லைன்னு தெரிஞ்சும் கழட்டலை. என்னை மன்னிச்சிருங்க" என்றேன். முப்பது வருஷம் சுமந்தது. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணா எழுதினார்: ‘தப்பு உங்களோடதுன்னு அன்னைக்கே தெரியும் டாக்டரம்மா.’

"அப்புறம் ஏன் பாடலை?"

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை மெதுவாக. ‘பயம். இன்னொருத்தர் தொப்பியைக் கையில புடிச்சிக்கிட்டு வந்து நிக்கக் கூடாதுன்னு.’

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அண்ணி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து சுருளை எடுத்தேன்.

"பதிவு ஒண்ணு இருக்கு அண்ணி. இது ஒண்ணுதான் இருக்கு."

ரேடியோத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு மேசை நீளத்துக்கும் விரித்தோம். இது முள், இது நேரம், இந்த மேடு ஒவ்வொன்றும் அவர் குரல், மேட்டின் நெற்றியில் இருக்கிற சின்னப் பள்ளங்கள் அவர் மூச்சு வாங்கிய இடம் என்று காட்டினேன். அண்ணி குனிந்து, மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி பார்த்தார். விரலால் தடவினார்.

"எந்தச் சுருதி?"

"நம்ம வீட்டு மிக்ஸி மாதிரிதான். கொஞ்சம் கம்மி."

அண்ணா தன் சுட்டுவிரலைக் காகிதத்தின் தொடக்கத்தில் வைத்து மெல்ல நகர்த்தினார். விரல் முதல் மேட்டில் ஏறியபோது அண்ணி தயங்கித் தயங்கி முனகினார். விரல் பள்ளத்தைத் தொட்டதும் மூச்சு எடுத்தார். இறங்கியதும் நிறுத்தினார். இரண்டாவது மேட்டில் தயக்கம் போய்விட்டது. நாலாவதில் எங்கிருந்தோ அந்தக் குழைவும் வந்துவிட்டது, அண்ணி மறந்துவிட்டதாக நினைத்திருந்த குழைவு. அண்ணா கண்ணை அரைவாசி மூடிக்கொண்டார். ஏழு மேடும் முடிந்தன.

அதற்குப் பிறகு கோடு தட்டை. நான் ஹெட்போனை மேசையில் அடித்த இடம் அது. அண்ணாவின் விரல் அங்கே நின்றது. காகிதம் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். முனையெல்லாம் பல்லால் கடித்த தடம். தட்டைக் கோட்டின் மேல் ஒரு மேடு வரைந்தார். நெற்றியில் இரண்டு சின்னப் பள்ளமும் வைத்தார். பிறகு அதன் அடிவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கூட்டுப் பாட்டில்கூடச் சேர்க்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் வாய் எடுத்தேன். அவர் விரல் ஏறத் தொடங்கியது. நானும் தொடங்கினேன்.